பல்லைக் கடித்துக்கொண்டு தூங்குபவர்களுக்கு: கார்டா, ஊசியா, பழக்கமா?

தீபாவளி முறுக்கைக் கடித்தபோது கீழ்வரிசைக் கடைவாய்ப் பல்லில் ஒரு மூலை உடைந்து கையோடு வந்தது. மாவு கெட்டியாகிவிட்டது என்று அம்மா மேல் பழியைப் போட்டுவிட்டுப் பல் மருத்துவரிடம் போனேன். அவர் உடைந்த பல்லை ஒரு நிமிடம் பார்த்தார், மற்ற பற்களைப் பத்து நிமிடம் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கையில் கொடுத்தார். கோரைப் பற்களின் கூர்முனை போன இடம் தெரியவில்லை. முன்பற்கள் சிமென்ட் தரையில் தேய்த்த சாக்பீஸ் போல மட்டமாக இருந்தன. நாக்கின் ஓரங்களில் பல் பதிந்த தடம், கன்னத்தின் உட்புறம் வெள்ளையாக ஒரு கோடு.

"ராத்திரி பல்லைக் கடிப்பீங்களா?" என்றார். இல்லை என்று நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் இருந்த மனைவி, "ஏனுங்க, ரெண்டு வருசமா சொல்றேன், கிரைண்டர் ஓடற மாதிரி சத்தம்னு. நீங்க நம்புனாத்தானே" என்றாள். வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு வாங்கிய கோயம்புத்தூரில் பிறந்தவனுக்கு இதைவிடப் பொருத்தமான வியாதி கிடைக்காது.

உடைந்த பல்லுக்கு ரூட் கெனால் செய்து கேப் போட்டாயிற்று. அப்புறம்தான் குழப்பம் ஆரம்பித்தது. ஒருவர், இரவில் பற்களின் மேல் மாட்டிக்கொண்டு தூங்கும் உறையான நைட் கார்டு, அதிலும் மிருதுவானது என்றார். இன்னொருவர் கெட்டியானதுதான் சரி என்றார். உறவுக்காரப் பெண் ஒருத்தி தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி போட்டுக்கொண்டு முகமும் மெலிந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டாள். அலுவலகத்தில் ஒருவர் தூக்க மாத்திரை சிபாரிசு செய்தார். உயரமாக இருக்கும் பற்களை லேசாக ராவிவிட்டால் தீர்ந்தது என்று சொன்ன மருத்துவரும் உண்டு. இத்தனை பேரும் ஒரே நோய்க்குத்தான் மருந்து சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்று வருடம் அலைந்த பிறகு புரிந்தது, ஆளுக்கொரு பிரச்சினையைத் தீர்க்கப் பார்த்திருக்கிறார்கள்.

பல் கடிப்பதை மருத்துவர்கள் ப்ரக்ஸிசம் என்கிறார்கள். அந்த ஒரே பெயருக்குள் இரண்டு சங்கதிகள் இருக்கின்றன. ஒன்று தூக்கத்தில் நறநறப்பது. தூங்கும்போது நம் மூளை அவ்வப்போது சில விநாடிகள் மட்டும் விழிப்புக்குப் பக்கத்தில் வந்துவிட்டுத் திரும்பிப் போகும். காலையில் நமக்கு அது நினைவிருக்காது. அந்த நேரத்தில் முதலில் இதயத் துடிப்பு வேகமெடுக்கிறது, அதன் பின்னால்தான் தாடைத் தசை இறுகித் தளர்ந்து இறுகுகிறது. பெரும்பாலும் ஆழமில்லாத தூக்கத்தில் நடக்கும். பெரியவர்களில் சுமார் 8 சதவீதம் பேருக்கு இது உண்டு. நம் விருப்பத்துக்கு இதில் வேலையே இல்லை. 'இனிமேல் கடிக்க மாட்டேன்' என்று சாமி முன்னால் சத்தியம் செய்துவிட்டுப் படுத்தாலும் கடிப்போம்.

இரண்டாவது, விழித்திருக்கும்போது கடிப்பது. இதில் சத்தம் வராது. மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒட்டி இறுகி நிற்கும், அவ்வளவுதான். கணக்குப் பார்க்கும்போது, வண்டி ஓட்டும்போது, மேலாளர் பேசும்போது. இது ஐந்து பேரில் ஒருவருக்கு இருப்பதாகச் சொல்கிறார்கள். தமிழ் இதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டது. பொறுத்துக்கொள்வதற்கும் 'பல்லைக் கடித்துக்கொண்டு' என்கிறோம், கோபத்துக்கும் 'பல்லை நறநறவென்று கடித்தான்' என்கிறோம். பொறுமையும் கோபமும் ஒரே தசையில்தான் போய்ச் சேருகின்றன.

இந்தத் துறை ஆராய்ச்சியாளர்கள் பல நாடுகளிலிருந்து சேர்ந்து 2018-இல் ஒரு வரையறை வெளியிட்டார்கள். மற்றபடி ஆரோக்கியமாக இருப்பவரிடம் பல் கடிப்பதை நோய் என்று சொல்ல வேண்டியதில்லை, அது தசையின் ஒரு செயல்பாடு, அதனால் கெடுதல் வரும்போது கவனித்தால் போதும் என்பது அதன் சாரம். இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 'ஒன்றும் செய்யாமல் இருப்பது' என்பதும் ஒரு தேர்வுதான், பலருக்கு அதுவே சரியானது. வீட்டில் சத்தம் கேட்கிறது, ஆனால் பல் தேயவில்லை, கூசவில்லை, தாடை வலிக்கவில்லை என்றால் வருடம் ஒருமுறை பல்லைக் காட்டினால் போதும். எனக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. பல்லின் மேல் ஓடான எனாமல் ஒருமுறை தேய்ந்தால் மறுபடி முளைக்காது. அதன் அடியில் இருக்கும் டென்டின் மிருதுவானது, அது வெளியே தெரிந்துவிட்டால் தேய்மானம் இன்னும் வேகமெடுக்கும்.

குழந்தைகள் விஷயத்தில் சும்மா இருப்பது இன்னும் பொருந்தும். என் தங்கை மகனுக்கு ஆறு வயது, தூங்கினால் எங்கள் அறை வரை சத்தம் கேட்கும். "வயித்துல பூச்சி இருக்கும், வேப்பங்கொழுந்து அரைச்சுக் குடு" என்றாள் அம்மா. பூச்சிக்கும் பல் கடிப்பதற்கும் தொடர்பு இருப்பதாக உறுதியான ஆதாரம் எதுவும் இல்லை. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளியில் கொடுக்கும் குடற்புழு மாத்திரையைப் பூச்சிக்காகக் கொடுங்கள், பல்லுக்காக வேண்டாம். பெரும்பாலான குழந்தைகளுக்குப் பால்பல் விழுந்து நிரந்தரப் பற்கள் வரும் வயதில் தானாகக் குறைந்துவிடும். பற்கள் மாறிக்கொண்டே இருக்கும்போது கார்டு செய்தால் நாலு மாதத்தில் அளவு தப்பிப்போகும். ஆனால் குறட்டையும் சேர்ந்து வந்தால், வாயைத் திறந்தபடியே தூங்கினால், டான்சில், அடினாய்டு வீங்கியிருக்கிறதா என்று காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

சரி, பெரியவர்கள் கதைக்கு வருவோம். எல்லோரும் முதலில் போய் நிற்கும் இடம் நைட் கார்டு. அதிலேயே மூன்று நான்கு ரகம்.

இணையத்தில் சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பது வெந்நீரில் போட்டு இளக்கி, நாமே வாயில் வைத்துக் கடித்து வடிவம் எடுத்துக்கொள்வது. நான் முதலில் வாங்கியது அதைத்தான். வாயில் ஒரு இட்லியை வைத்துக்கொண்டு தூங்குவது போல இருந்தது. ஒரு பக்கம் மட்டும் உயரம், அதனால் காலையில் அந்தப் பக்கத் தாடை கூடுதலாக வலித்தது. மருத்துவர் செய்துகொடுக்கும் கார்டு வர இரண்டு வாரம் ஆகும், அதுவரை உடைந்த பல்லைக் காப்பாற்ற வேண்டும் என்றால் இது உதவும். மாதக்கணக்கில் வைத்துக்கொள்வதற்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

அடுத்தது பல் அளவெடுத்துச் செய்யும் மிருதுவான கார்டு. விலை சில ஆயிரங்களில் இருக்கும். போட்டுக்கொள்ள சுகமானது, முதல் நாளே பழகிவிடும். அந்த சுகத்தில்தான் சிக்கலும் இருக்கிறது. மெத்தென்று ஒரு பொருள் பல்லுக்கு நடுவில் கிடைத்தால் தாடைக்கு அதை மென்றுபார்க்கத் தோன்றும். 1987-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இன்றும் பேசப்படுகிறது. பத்துப் பேருக்கு இரண்டு ரகத்தையும் மாற்றி மாற்றிக் கொடுத்து இரவில் தசையின் வேலையை அளந்தார்கள். ஸ்பிளின்ட் என்று மருத்துவர்கள் சொல்லும் கெட்டியான கார்டைப் போட்டபோது எட்டுப் பேருக்குத் தசையின் இயக்கம் குறைந்தது. மிருதுவானதைப் போட்டபோது ஒருவருக்குத்தான் குறைந்தது, ஐந்து பேருக்கு அதிகமே ஆனது. பத்துப் பேர் என்பது சின்னக் கூட்டம், அதை வைத்துச் சட்டம் எழுத முடியாது. ஆனால் என் அனுபவம் அதோடு ஒத்துப்போனது. என் மிருதுவான கார்டு ஏழாவது மாதத்தில் கடைவாய்ப் பக்கம் கிழிந்தது. நாய் கடித்த செருப்பு போல இருந்தது. லேசாக மட்டும் கடிப்பவருக்கும் கெட்டிப் பொருளே வாயில் பிடிக்காதவருக்கும் இது போதும். என்னைப் போன்ற அரவை மில்லுக்கு ஒத்துவராது.

மூன்றாவது கெட்டியான அக்ரிலிக் ஸ்பிளின்ட். பெரும்பாலும் மேல்வரிசைக்குச் செய்வார்கள். அளவெடுத்து லேபுக்கு அனுப்பி வந்ததோடு வேலை முடியாது, அதுதான் பாதி. மருத்துவர் வண்ணத்தாளை இடையில் வைத்துக் கடிக்கச் சொல்லி, எந்தப் பல் முதலில் முட்டுகிறது என்று பார்த்து, அந்த இடத்தை ராவி, மறுபடி கடிக்கச் சொல்லி, எல்லாப் பற்களும் ஒரே நேரத்தில் சமமாகப் படும்வரை சரிசெய்ய வேண்டும். எனக்கு முதல் நாள் முக்கால் மணி நேரம் ஆயிற்று, பிறகு இரண்டு முறை போனேன். லேபிலிருந்து வந்ததை அப்படியே கையில் கொடுத்து "போட்டுப் பழகுங்க" என்று அனுப்பிவிட்டால் அங்கேயே உட்கார்ந்துகொள்ளுங்கள். விலை மிருதுவானதைவிடக் கூடுதல்தான். பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் செலவு குறையும், பதிலுக்கு நேரம் கொடுக்க வேண்டும். முதல் வாரம் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும், 'ச' சொன்னால் 'ஷ' வரும். பத்து நாளில் பழகிவிடும்.

முன்பற்களை மட்டும் மூடும் சின்னக் கார்டு ஒன்றும் உண்டு. கடைவாய்ப் பற்கள் முட்டாமல் விட்டுவிடுவதால் நாளடைவில் கடியே மாறிப்போகும் ஆபத்து இருக்கிறது. சின்னதாக இருப்பதால் தூக்கத்தில் விழுங்கிவிடும் பயம் வேறு. எனக்கு அது வேண்டாம் என்று உடனே தோன்றிவிட்டது.

இப்போது விஷயத்தின் மையத்துக்கு வருகிறேன். எந்தக் கார்டானாலும் அது பல் கடிப்பதை நிறுத்துவதில்லை. ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் குழு 2007-இல் இதைப் பார்த்தது. தூக்கத்தில் பல் கடிப்பதற்கு ஸ்பிளின்ட் ஒரு சிகிச்சை என்று சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை, பல் தேயாமல் காப்பதில் பலன் இருக்கலாம் என்று முடித்தது. மாட்டுக்கு லாடம் அடிப்பது மாதிரி. லாடம் மாட்டின் நடையை நிறுத்துவதில்லை, குளம்புக்குப் பதில் தான் தேய்கிறது. இதைத் தெரிந்து வாங்கினால் ஏமாற்றம் இல்லை. "கார்டு போட்டும் சத்தம் வருதே" என்று ஆறு மாதத்தில் அதை அலமாரியில் போட்டுவிடும் ஆட்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

கார்டு செய்வதற்கு முன்னால் மருத்துவர் ஒரு கேள்வி கேட்க வேண்டும், பலர் கேட்பதில்லை. குறட்டை விடுவீர்களா? தூக்கத்தில் மூச்சு தடைபடும் ஸ்லீப் ஆப்னியா இருப்பவர்களில் பல் கடிப்பதும் அடிக்கடி சேர்ந்து காணப்படுகிறது. மேல்வரிசை ஸ்பிளின்ட் அவர்களுக்கு மூச்சுத்தடையைக் கூட்டிவிடலாம். 2004-இல் ஆப்னியா இருந்த பத்துப் பேரிடம் செய்த ஒரு முன்னோட்ட ஆய்வில் ஐந்து பேருக்கு மூச்சுத்தடை எண்ணிக்கை பாதிக்கு மேல் கூடியது. பல்லைக் காப்பாற்றப் போய் மூச்சைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது. எங்கள் அலுவலக ஸ்டோர் கீப்பர் கழுத்து பருத்தவர், மதியம் உட்கார்ந்தபடியே தூங்குவார், பிரஷர் மாத்திரை வேறு. அவரும் பல் வலி என்றுதான் போனார். அவரைத் தூக்கப் பரிசோதனைக்கு அனுப்பிய மருத்துவர் நல்லவர். இப்போது இரவில் காற்று செலுத்தும் சிபாப் கருவி போட்டுக்கொள்கிறார், வீட்டில் குறட்டை, நறநறப்பு இரண்டுமே அடங்கிவிட்டதாம். எல்லோருக்கும் இப்படி ஒரே கல்லில் விழாது. ஆனால் குறட்டை, பகல் தூக்கம், உயர் ரத்த அழுத்தம் மூன்றும் சேர்ந்து இருந்தால் கார்டுக்கு முன்னால் இந்தப் பரிசோதனைக்குத்தான் காசு செலவழிக்க வேண்டும்.

கேட்க வேண்டிய இரண்டாவது கேள்வி, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்? மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் ஃப்ளுஆக்ஸெட்டின், செர்ட்ராலின், வென்லாஃபாக்ஸின் போன்றவை சிலருக்குப் பல் கடிப்பதைத் தொடங்கிவைக்கும். மாத்திரை ஆரம்பித்த சில வாரங்களில் தாடை வலி வந்தால் அந்தத் தேதிகளை எழுதி வைத்துக்கொண்டு மாத்திரை எழுதியவரிடமே போங்கள். அளவைக் குறைக்கவோ வேறு மருந்துக்கு மாற்றவோ வழி இருக்கிறது. தானாக நிறுத்தினால் வேறு வம்பு. குடி, புகை இரண்டும் தூக்கத்தில் பல் கடிப்பதோடு ஏறத்தாழ இரண்டு மடங்கு தொடர்புள்ளவை. காபியும் பட்டியலில் உண்டு, ஆனால் ஆய்வுகளில் கணக்குக்கு வருவது நாளுக்கு எட்டுக் கோப்பைக்கு மேல் குடிப்பவர்கள். நான் நாலு டம்ளர்தான். என் ஃபில்டர் காபி தப்பித்தது.

இதற்கே மாத்திரை உண்டா என்றால், தூக்கத்தை வரவழைக்கும் குளோனஸெபாம் என்ற மாத்திரை சில நாள் குறைக்கிறது, பழகினால் விடாது. வேறு சிலவற்றையும் சோதித்திருக்கிறார்கள். 2014-இல் காக்ரேன் குழு மருந்துகளைத் தனியாக அலசிவிட்டு எதையும் பரிந்துரைக்கும் அளவு ஆதாரம் இல்லை என்றுதான் சொன்னது. தெரிந்த மருந்துக்கடைக்காரர் கொடுக்கிறார் என்று ஆரம்பிக்கவே வேண்டாம்.

பல்லை ராவும் யோசனையை நான் ஒரே வரியில் ஒதுக்குகிறேன். மேல் கீழ்ப் பற்கள் சரியாகப் பொருந்தாததால்தான் கடிக்கிறோம் என்பது பழைய நம்பிக்கை. தூண்டுதல் மூளையிலிருந்து வருகிறது என்று தெரிந்த பிறகு அந்த நம்பிக்கைக்கு வலு போய்விட்டது. ஆனால் எடுத்த எனாமல் எடுத்ததுதான். புதிதாகப் போட்ட கேப் உயரமாக இருந்தால் அதைச் சரிசெய்வது வேறு விஷயம், அது செய்தே ஆக வேண்டியது.

போடாக்ஸ் கொஞ்சம் நின்று பேச வேண்டிய இடம். கன்னத்தில் காதுக்கு முன்னால், பல்லைக் கடித்தால் புடைக்கும் இடத்தைத் தொட்டுப் பாருங்கள், அதுதான் மாஸெட்டர் தசை. அதில் ஒவ்வொரு பக்கமும் சுமார் 20 முதல் 30 யூனிட் ஊசி. ஓரிரு வாரத்தில் தசை தளர்கிறது, வலி குறைகிறது, மூன்று நான்கு மாதத்தில் தீர்ந்துவிடுகிறது. அப்புறம் மறுபடி ஊசி, மறுபடி ஆயிரக்கணக்கில் செலவு. இது கடிக்கும் பலத்தைக் குறைக்கிறதே தவிர, கடிக்கும் எண்ணிக்கையை அவ்வளவாகக் குறைப்பதில்லை. தூண்டுதல் அப்படியே இருக்கிறது, தசைக்குத்தான் வலு இல்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு போடாக்ஸுக்கு இந்தப் பயனுக்கென்று ஒப்புதல் தரவில்லை, மருத்துவர்கள் தங்கள் பொறுப்பில்தான் போடுகிறார்கள். சிரிப்பு ஒரு பக்கம் இழுப்பது, கடலை மெல்லும்போது தாடை அசந்துபோவது போன்ற பக்க விளைவுகள் வந்துபோகும். திரும்பத் திரும்பப் போட்டால் தசை மெலியும், தாடை எலும்பின் அடர்த்தி குறையுமோ என்ற கேள்வியும் இருக்கிறது. என் உறவுக்காரப் பெண்ணுக்கு முகம் ஒடுங்கியது போனஸாகத் தெரிந்தது. ஆனால் அழகு நிலையத்தில் முகம் ஒடுங்க வைப்பதற்காக விற்கப்படும் ஊசியையும், வலி தாங்காமல் தூக்கம் கெட்டவருக்குப் போடும் ஊசியையும் ஒன்றாக எண்ணக் கூடாது. கெட்டிக் கார்டையே உடைக்கிறவர், தாடை எலும்பில் பொருத்தும் இம்ப்ளான்ட் பல் வைத்தவர், தசை வலி எதற்கும் அடங்காதவர், இவர்களுக்கு நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கர்ப்பிணிகளுக்கும் தசைக்கு நரம்புத் தகவல் சரியாகப் போகாத நோய் உள்ளவர்களுக்கும் இது ஆகாது.

கடைசியாக வருவது காசில்லாதது, அதனாலேயே யாரும் மதிக்காதது. பகலில் கடிப்பதைக் கவனிப்பது. தாடை ஓய்வாக இருக்கும்போது மேல் கீழ்ப் பற்களுக்கு நடுவே 2 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். சாப்பிடுவது, விழுங்குவது எல்லாம் சேர்த்து ஒரு நாளில் பற்கள் தொட்டுக்கொள்ள வேண்டிய நேரம் சுமார் இருபது நிமிடம்தான். இதைப் படித்தபோது என் பற்கள் ஒட்டித்தான் இருந்தன.

பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தந்த வழி எளிதானது. 'நான்' என்று சொல்லி, கடைசி 'ன்'னில் நிறுத்துங்கள். நாக்கின் நுனி மேல்பற்களுக்குப் பின்னால் அண்ணத்தில் ஒட்டியிருக்கும், பற்கள் விலகியிருக்கும். உதட்டை மட்டும் மூடிக்கொள்ளுங்கள். தாடையின் இயல்பான இருக்கை அதுதான். பிறகு கைபேசியில் ஒழுங்கில்லாத நேரங்களில் ஒலிக்கும்படி அலாரம் வைத்தேன். ஒலிக்கும்போது பல் ஒட்டியிருக்கிறதா, விலகியிருக்கிறதா என்று மட்டும் குறிக்க வேண்டும். நான் பம்பு கம்பெனியில் கணக்குப் பிரிவு. ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட வேண்டிய 20-ஆம் தேதியை ஒட்டிப் பத்தில் எட்டு முறை ஒட்டியிருந்தது. மாத ஆரம்பத்தில் நாலு. இரண்டு மாதம் கழித்து நெருக்கடி நாளிலேயே மூன்றாகக் குறைந்தது. கூடவே பேனா கடிப்பதையும், கல்யாண வீட்டில் பாக்குப் போடுவதையும் விட்டேன். வலி இருக்கும் நாளில் வெதுவெதுப்பான துணி ஒத்தடம், தசையை விரலால் வட்டமாக நீவுவது. இரவுக் கடி இதனால் நின்றதா என்றால் இல்லை. காலையில் எழும்போது நெற்றிப்பொட்டில் இருந்த தலைவலி மட்டும் பாதிக்கு மேல் போய்விட்டது. இத்தனை நாள் இரவின் மேல் போட்ட பழியில் பாதி பகலுடையது.

ஆக, என்னைக் கேட்டால் முதலில் எதைக் காப்பாற்ற வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். பல் தேய்கிறது, உடைகிறது என்றால் கெட்டிக் கார்டு, குறட்டை இல்லை என்று உறுதி செய்துகொண்டு. பல் நன்றாக இருந்து தசைதான் வலிக்கிறது என்றால் இரண்டு மாதம் அலாரமும் ஒத்தடமும், அப்புறம்தான் பணம் செலவு. சாயங்காலம் தாடை வலிப்பவர் பகலைச் சந்தேகிக்கலாம், காலையில் வலிப்பவர் இரவை. வாய் இரண்டு விரல் அகலம்கூடத் திறக்கவில்லை, திறந்தது மூடாமல் மாட்டிக்கொள்கிறது, கடித்தால் ஒரு பல்லில் மட்டும் மின்னல் போல வலிக்கிறது என்றால் எதையும் ஒப்பிட்டுக்கொண்டு உட்காராமல் மருத்துவரிடம் ஓடுங்கள்.

என் கெட்டிக் கார்டுக்கு இப்போது இரண்டு வயது. பச்சைத் தண்ணீரில் மிருதுவான பிரஷ்ஷால் தேய்ப்பேன். பேஸ்ட் போட்டால் கீறல் விழும், வெந்நீர் பட்டால் வளையும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கையோடு கொண்டுபோகிறேன். கடைசியாகப் போனபோது வலது கோரைப்பல் படும் இடத்தில் நகம் இறங்கும் அளவுக்குப் பள்ளம். மருத்துவர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு வருடம் தாங்கும் என்றார். சத்தம் எப்படி இருக்கிறது என்று மனைவியிடம் கேட்டார்.

"கிரைண்டர் நின்னுருச்சுங்க டாக்டர். இப்ப பிளாஸ்டிக் டப்பாவுல கல்லு உருட்டற மாதிரி கேக்குது" என்றாள்.